தானே மூச்சு வாங்கும் காடி

விடிந்தும் விடியாத நேரம். செமிலிங்கிலிருந்து மெர்போக் போகும் சாலையில் ஒரு பழைய புரோட்டான் சத்ரியா ஜிடிஐ வந்தால், கண்ணுக்கு முன் காதுக்குத்தான் தெரியும். டர்போ வைத்த காடிகளுக்குக் காற்றைத் திணித்து ஊட்ட வேண்டும், இந்த 1.8 லிட்டர் இயந்திரம் தனக்கு வேண்டிய மூச்சைத் தானே இழுத்துக்கொள்கிறது. அதனால் பாதம் கேட்டதைக் கேட்ட அளவிலேயே கொடுக்கும். தாமதமும் இல்லை, திடீர்ப் பாய்ச்சலும் இல்லை. மூவாயிரம் சுற்றில் முனகும். ஐயாயிரம் தாண்டினால் தொண்டை திறக்கும்.

வளைவுக்கு முன் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறங்கும்போது, கிளட்சை மிதித்தபடி எண்ணெய் மிதியை லேசாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அளவு சரியாக விழுந்தால் கியர் சத்தமில்லாமல் உட்காரும். பிசகினால் காடி ஒரு குலுக்குக் குலுக்கிக் காட்டிக் கொடுத்துவிடும். லோட்டஸ் பொறியாளர்கள் பதம் பார்த்த காடி இது. தாரில் போட்ட ஒட்டு ஒவ்வொன்றும் ஸ்டியரிங் வழியே உள்ளங்கைக்கு வந்து சேரும். காலையில் இயந்திரம் சூடேறும்வரை விரட்டாமல் ஓட்டுவதும், தேய்ந்த சாமானுக்கு மாற்று கிடைக்கும்வரை காத்திருப்பதும் இதை வைத்திருப்பவரின் பொறுமை. இதை ஓட்டும் சுகத்துக்கு நெடுஞ்சாலை வேகம் தேவையில்லை. பால்மரங்களுக்கு நடுவே ஒரு வளைவு போதும். யாராவது ஏற்றிக்கொண்டால், வானொலியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி உட்காருங்கள்.