முடிவைக் காட்டும் சட்டம், அளவீட்டைக் காட்டுமா?

தனி ஊசல் சோதனையைச் செய்த மாணவர் ஒருவர், புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் ஏற்றுக்கொள்வாரா? ஊசலின் நீளம் எவ்வளவு, இருபது அலைவுகளுக்கு ஆன நேரம் எவ்வளவு, எத்தனை முறை அளந்தாய் என்று கேட்பார் அல்லவா? அளவீடுகள் இல்லாத விடை சரியாகவே இருந்தாலும், அதைச் சரிபார்க்க வழியில்லை. சரிபார்க்க வழியில்லாததை அறிவியல் ஏற்பதில்லை.

மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றியும் நாம் இதே கேள்வியைக் கேட்கலாம். இத்தகைய ஆராய்ச்சிக்கு உலகிலேயே மிக அதிகமாகச் செலவிடும் அரசு அமைப்பு, அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனம். மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்தா நகரில் இதன் தலைமையகம் உள்ளது. 27 கழகங்களும் மையங்களும் இதில் அடங்கும். இதன் ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெற உதவுவது அந்நாட்டின் தகவல் சுதந்திரச் சட்டம். அச்சட்டம் அறிவியலுக்கு எந்த அளவு பயன்படுகிறது, எங்கே கைவிடுகிறது என்று எடைபோட்டுப் பார்ப்போம்.

யார் கேட்கலாம்? எப்படிக் கேட்பது?

இச்சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் 1966 ஜூலை 4 அன்று கையெழுத்திட்டார். சரியாக ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது. இதன் தலையாய சிறப்பு, யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதுதான். விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்கத் தேவையில்லை. ஏன் கேட்கிறோம் என்ற காரணத்தையும் சொல்ல வேண்டியதில்லை. மதுரையிலிருந்து ஒரு மாணவர் விண்ணப்பித்தாலும் அது செல்லும். நமது 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும்.

ஆனால் கேட்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். “நீரிழிவு ஆராய்ச்சி பற்றிய எல்லா விவரங்களும் தேவை” என்று எழுதினால் பயனில்லை. எந்தக் கழகம், எந்த ஆண்டு, எந்த மானியம், எவ்வகை ஆவணம் என்று குறிப்பிட வேண்டும். மானியங்களின் தலைப்பு, எண், தொகை, பெற்ற பல்கலைக்கழகம் ஆகியவற்றை நிறுவனமே இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. முதலில் அதைப் பார்த்து மானிய எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. பெட்டியைத் திறக்கும் சாவி அந்த எண்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இச்சட்டம் ஆவணத்தைத் தரும். கேள்விக்குப் பதில் தராது. “இந்த ஆய்வு ஏன் பாதியில் நின்றது?” என்று கேட்டால் பதில் சொல்லும் கடமை அலுவலகத்துக்கு இல்லை. “இந்த எண்ணுள்ள மானியத்தின் ஆண்டு முன்னேற்ற அறிக்கைகளின் நகல்கள் தேவை” என்று கேட்டால் தேடிப் பார்த்தாக வேண்டும்.

வணிக நோக்கமின்றிக் கேட்பவர்களுக்கு முதல் 100 பக்கங்களுக்கு நகல் கட்டணம் இல்லை. 20 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. நடைமுறையில் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர். மறுத்தால் மேல்முறையீடு செய்யக் குறைந்தது 90 நாள் அவகாசம் உண்டு.

கிடைப்பது என்ன? மானியம் பெற்ற ஆராய்ச்சியின் விண்ணப்பம் பொதுவாகக் கிடைக்கும். மானியம் கிடைக்காத விண்ணப்பங்களும், அவற்றை மதிப்பிட்ட வல்லுநர்களின் கருத்துரைகளும் பொதுவாகக் கிடைப்பதில்லை. வணிக இரகசியம், அரசு அலுவலகங்களின் உள் ஆலோசனைகள், தனிமனித அந்தரங்கம் உள்ளிட்ட ஒன்பது விதிவிலக்குகள் சட்டத்திலேயே உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை நியாயமானவையே.

சட்டம் கைவிடும் இடம்

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. அதை விளக்க ஒரு வரலாறு உண்டு.

1960களின் தொடக்கத்தில், இந்நிறுவனத்தின் மானியத்தில் நீரிழிவு பற்றிய பெரிய ஆய்வொன்று தொடங்கியது. பல்கலைக்கழகங்கள் கூடி நடத்திய அந்த ஆய்வில், 12 மருத்துவ மையங்களில் 1,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் 5 முதல் 8 ஆண்டுகள் வரை கண்காணிக்கப்பட்டனர். செலவு ஏறத்தாழ 1.5 கோடி டாலர். 1970இல் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. பரவலாக வழங்கப்பட்டு வந்த டால்பூட்டமைடு என்ற மாத்திரையை உட்கொண்டவர்களிடையே இதயநோய் மரணங்கள் மிகுதி என்றது அந்த ஆய்வு.

நீரிழிவு மருத்துவர்களின் குழு ஒன்று இம்முடிவை ஏற்கவில்லை. மூலப் பதிவுகளைக் காட்டுங்கள் என்று கேட்டது. 5.5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருந்தன. ஆய்வாளர்கள் தர மறுத்தனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1980 மார்ச் 3 அன்று தீர்ப்பு வந்தது. பணம் அரசுடையதுதான், பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமையும் அரசுக்கு உண்டு, ஆனால் அரசு அவற்றை வாங்கி வைக்கவில்லை, ஆகவே அவை அரசு ஆவணங்கள் அல்ல என்றது நீதிமன்றம். நீதிபதிகள் இருவர் மட்டும் மாறுபட்டனர்.

இதன் பொருளைச் சிந்தியுங்கள். அந்த முடிவின் அடிப்படையில் மாத்திரைக்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட அரசு முனைந்தது. மருத்துவர்களும் நோயாளிகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆனால் அதன் அளவீடுகளைப் பார்க்க அவர்களுக்கு உரிமையில்லை! இந்நிறுவனத்தின் நிதியில் 80 விழுக்காட்டுக்கு மேல் வெளிப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் போகிறது. எனவே சோதனைக் குறிப்பேடுகளில் பெரும்பகுதி சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் காட்டும் சட்டம், அறிவியல் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது என்பதே என் விமரிசனம்.

திருத்தமும் அதன் எல்லையும்

அடுத்த போராட்டம் காற்று மாசு பற்றியது. ஆறு அமெரிக்க நகரங்களில் 8,111 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹார்வர்டு ஆய்வாளர்கள், 1993இல் தம் முடிவை வெளியிட்டனர். மிகத் தூய நகரத்தைவிட மிக மாசுபட்ட நகரத்தில் இறப்பு விகிதம் 26 விழுக்காடு அதிகம் என்றனர். 1997இல் அரசு நுண்துகள் வரம்பை விதித்தபோது, தொழில் துறையினர் மூலப் பதிவுகளைக் கேட்டனர். அந்தரங்கத்தைக் காப்பதாக மக்களுக்கு வாக்களித்திருக்கிறோம் என்று ஆய்வாளர்கள் மறுத்தனர்.

இதன் விளைவாக 1998இல் செனட்டர் ரிச்சர்டு ஷெல்பி கொண்டுவந்த திருத்தம், அரசு மானியத்தில் எழுந்த ஆய்வுத் தரவுகளைச் சட்டத்தின் வரம்புக்குள் கொணர்ந்தது. ஆனால் 1999இல் வகுத்த விதிகள் வாசலைக் குறுக்கின. முடிவு வெளியாகியிருக்க வேண்டும். அதை அடிப்படையாகக் கொண்டு சட்ட வலிமையுள்ள அரசு நடவடிக்கை எழுந்திருக்க வேண்டும். வெளியான முடிவு எந்த விதிக்கும் அடிப்படையாகவில்லையென்றால் கதவு திறக்காது.

ஆய்வாளர்களின் மறுப்பை ஒரேயடியாகக் குறைகூற முடியாது. நோயாளியின் பெயரையும் முகவரியையும் நீக்கினாலும், வயது, ஊர், இறந்த நாள் ஆகியவற்றைக் கொண்டே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கும் வழி இருக்கிறது. ஆறு நகர ஆய்வின் பதிவுகளை நடுநிலையான ஓர் அமைப்பு வாங்கி மறுபடியும் கணக்கிட்டது. 2000இல் முடிவு சரியே என்று அறிவித்தது. நீரிழிவு ஆய்வையும் புள்ளியியல் வல்லுநர்கள் இவ்வாறே ஆராய்ந்து 1975இல் பெரிதும் ஆதரித்தனர். சரிபார்ப்பு நல்ல ஆய்வை அழிப்பதில்லை. அதற்கு வலுவே சேர்க்கிறது.

2023 ஜனவரி 25 முதல், தன்னிடம் மானியம் கேட்பவர்கள் தரவுகளை எப்படிப் பகிர்வோம் என்ற திட்டத்தையும் தர வேண்டும் என்று இந்நிறுவனம் விதித்துள்ளது. கேட்டபின் கொடுப்பதைவிடக் கேட்கும்முன் வெளியிடுவது மேல், இதைப் பாராட்டலாம். ஆனால் 2024 மே மாதம் அந்நாட்டுக் காங்கிரஸ் துணைக்குழு ஒன்றில் வெளிவந்த செய்தியையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் மூத்த ஆலோசகர் ஒருவர், தகவல் சட்டத்துக்கு எட்டாதபடி மின்னஞ்சல்களை மறைப்பது பற்றி எழுதியிருந்தார். வைத்திருப்பவர் மறைக்க நினைத்தால், எத்தனை திருத்தம் வந்தும் பயனில்லை.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திடம் தகவல் கேட்போருக்கு ஒரு செய்தி. நமது சட்டம், அரசு அமைப்பின் வசம் இருப்பதை மட்டுமன்றி அதன் கட்டுப்பாட்டில் இருப்பதையும் கேட்க உரிமை தருகிறது. அமெரிக்க வழக்கில் இல்லாமற்போன சொல் இதுதான். பத்து ரூபாய்க் கட்டணத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள். எந்த ஆய்வு, எந்த ஆண்டு என்று குறிப்பிட்டு, முடிவறிக்கையோடு நிற்காமல், அது எந்த அட்டவணைகளிலிருந்து கணக்கிடப்பட்டதோ அவற்றையும், பெயர் நீக்கிய வடிவில், கேளுங்கள். மறுத்தால் எந்தப் பிரிவின்கீழ் மறுக்கிறார்கள் என்பது எழுத்தில் கிடைக்கும். அதுவும் ஓர் அளவீடுதான்.