நாற்பதைத் தாண்டாதே: ரன்னிங் இன் விதியில் சரியும் பிழையும்

புது பைக்கின் சாவியைக் கையில் கொடுக்கும்போது ஷோரூம்களில் சொல்லும் அறிவுரை ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "முதல் சர்வீஸ் வரைக்கும் நாற்பதுக்கு மேல போகாதீங்க சார்." வாங்கியவரும் அதைச் சிரத்தையாகக் கடைப்பிடிக்கிறார். டாப் கியரில் போட்டு, முள் நாற்பதைத் தாண்டாமல், மேம்பாலத்தில்கூட கியரைக் குறைக்காமல் வண்டியை முக்கி முக்கி ஏற்றுகிறார். விதி மீறப்படவில்லை, இன்ஜின்தான் வதைபடுகிறது. புது இன்ஜினைப் பழக்கும் இந்த ரன்னிங் இன் அவசியமானது. அதை ஒரு வேகக் கணக்காகச் சுருக்கியதில்தான் பிழை.

இந்த எச்சரிக்கைக்கு வலுவான காரணம் இருந்தது. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டுக்கு வார்ப்பிரும்பு சிலிண்டர், அலுமினிய பிஸ்டன். சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இடைவெளி இறுக்கமாக இருக்கும் புது இன்ஜினை எடுத்த எடுப்பில் முறுக்கினால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்; ஓடும் வண்டியின் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு சேர்ந்து போகும் ஆயில்தான் பிஸ்டனுக்குக் காப்பு என்பதால் பயம் இன்னும் அதிகம். அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் "மெதுவாப் போ" என்றது பட்டுத் தெரிந்த பாடம்.

இன்று நிலைமை வேறு. பல வண்டிகளில் சிலிண்டரும் அலுமினியம்தான். உட்சுவரில் கடினமான நிக்கல் சிலிகான் கார்பைடு பூச்சு. பிஸ்டனும் சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவதால் பிடித்துக்கொள்ளும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. மிச்சமிருக்கும் முக்கிய வேலை, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சிலிண்டர் சுவரோடு படிவது.

புது சிலிண்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உட்சுவரில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய சாய்கோடுகள் தெரியும். சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங்கில் வேண்டுமென்றே போட்ட கீறல்கள் அவை. பள்ளங்களில் ஆயில் தங்கும். மேடுகளின் நுனியை ரிங் தேய்த்துச் சமன்செய்யும். தேய்க்க அழுத்தம் வேண்டும். ரிங்கின் சொந்த விசை கொஞ்சம்தான். எரியும் வாயு அதன் பின்புறம் புகுந்து சுவரோடு அழுத்துவதே பெரும்பங்கு. ஆக்சிலரேட்டரை எப்போதும் லேசாகவே பிடித்து ஓட்டினால் அந்த அழுத்தம் போதாது. ரிங் சரியாகப் படியாவிட்டால், ஆயில் கருகிப் படிந்து சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். பிறகு வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும். பெரும்பாலும் இன்ஜினைப் பிரித்து மறுபடி ஹோனிங் செய்தால்தான் தீரும்.

ஆகவே நாற்பது என்ற எண் இன்ஜினுக்குப் பொருளற்றது. இரண்டாம் கியரில் நாற்பது என்றால் இன்ஜின் விறுவிறுவென்று சுற்றும். டாப் கியரில் அதே நாற்பதில் மேடு ஏறினால் திணறும். குறைந்த சுழற்சியில் சுமை ஏறும்போது பேரிங்குகளுக்கு நடுவே ஆயில் படலம் மெலிகிறது. நிறுவனக் கையேடுகள் சில இதைச் சுழற்சிக் கணக்கில் சொல்கின்றன. கவாஸாகி நிஞ்ஜா 300-க்கு முதல் 800 கி.மீ. வரை நிமிடத்துக்கு 4,000 சுழற்சி, பிறகு 1,600 கி.மீ. வரை 6,000. அளவுகோல் சரியானது. ஆனால் 11,000 சுழற்சியில் முழுச் சக்தி தரும் இன்ஜினை 4,000-இல் கட்டிப்போடுவது மிகையான ஜாக்கிரதை. நெடுஞ்சாலையில் பின்னால் வரும் லாரிக்கு வழிவிட முடியாமல் தவழ்வது ஓட்டுபவருக்கே ஆபத்து.

இதற்கு நேரெதிராக, முதல் நாளே நன்றாக முறுக்க வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. வாயு அழுத்தம்தான் ரிங்கைப் படியவைக்கிறது என்ற அவர்களின் அடிப்படை சரி. சான்றாகக் காட்டும் பந்தய வண்டிகள்தான் பொருந்தவில்லை. பந்தய இன்ஜினை அடிக்கடி பிரித்து, தேய்ந்ததை மாற்றுவார்கள். பத்து வருடம் ஆபீஸ் போக வேண்டிய வண்டிக்கு அந்த வசதி கிடையாது. கியர், கிளட்ச், பிரேக் பேட் ஆகியவையும் படிய வேண்டும். புது டயரின் மேற்பரப்பு முதல் 100, 150 கி.மீ. வரை வழுக்கும். ரிங்கை மட்டும் நினைத்து முறுக்குபவர் வளைவில் விழ நேரும்.

இரு தரப்பிலும் உள்ள நியாயத்தைச் சேர்த்தால் வழி தெளிவாகிறது. காலையில் எடுத்ததும் நிறுத்திவைத்து உறுமவிடாமல் முதல் சில கிலோமீட்டரை நிதானமாக ஓட்டிச் சூடேற்ற வேண்டும். பிறகு நடு கியர்களில் பாதி முதல் முக்கால் வரை ஆக்சிலரேட்டரைத் திறந்து இழுக்கவிட்டு, கையை விட்டு இன்ஜின் பிடிப்பிலேயே வேகம் குறைய விட வேண்டும். ஒரே சுழற்சியில் நீண்ட நேரம் ஓட்டக் கூடாது. செங்கல்பட்டிலிருந்து திண்டிவனத்துக்கு நான்குவழிச் சாலையில் ஒரே சீராகப் போவதைவிட, உத்திரமேரூர், வந்தவாசி என்று ஊர் ஊராகப் புகுந்து போவது புது இன்ஜினுக்கு நல்லது. திருப்பமும் வேகத்தடையும் பஸ் ஸ்டாப்பும் கியரை மாற்றவைக்கும். சுமை ஏறி இறங்கும்.

வேக விவாதத்தில் அமுங்கிப்போகும் விஷயம் முதல் ஆயில் மாற்றம். 500 முதல் 1,000 கி.மீ.க்குள், கையேடு சொல்லும் கணக்கில் அதைச் செய்தாக வேண்டும். வடித்த ஆயிலைத் தட்டில் வைத்து டார்ச் அடித்தால் மினுமினுவென்று துகள்கள் மிதக்கும். ரிங்கும் கியரும் படியும்போது தேய்ந்த உலோகம் அது. பெரிய துகள்களை ஃபில்டர் பிடிக்கும். மிக நுண்ணியவை ஆயிலோடு சுற்றிக்கொண்டே இருக்கும். "ஆயில் இன்னும் நல்லாத்தான் இருக்கு, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதை ஏற்கவே கூடாது. பக்கத்தில் நின்று, பழைய ஆயில் முழுக்க வடிவதையும் கையேட்டின்படி ஃபில்டர் மாறுவதையும் பார்ப்பது வாங்கியவரின் உரிமை. ஒருநாள் எழுபதைத் தொட்டுவிட்டோமே என்று வருந்துவதைவிட, இந்த அரை மணி நேரம் இன்ஜினுக்கு அதிக ஆயுள் தரும்.