கோல்லம்: இருட்டில் வளர்ந்த கண்கள்

கோல்லம் என்பது ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1937-இல் வெளியிட்ட 'தி ஹாபிட்' என்னும் சிறுவர் புதினத்தில் வரும் கற்பனை உயிர். மலைக்கு அடியிலுள்ள இருண்ட ஏரியில், மீனையும் கையில் சிக்கும் பிறவற்றையும் தின்று வாழ்கிறது. இக்கட்டுரை அந்தக் கற்பனையை உயிரியல் நோக்கில் மதிப்பிடுகிறது.

பொருத்தமான பகுதி

வெயில் படாத நீரில் தாவரம் வளராது. அங்குள்ள உயிர்கள் பெரும்பாலும் மேலிருந்து கசிந்து வரும் மட்கையும் செத்தவற்றையும் நம்பியே வாழ்கின்றன. ஆகவே கிடைத்ததைத் தின்னும் கோல்லத்தின் இயல்பு நம்பும்படியாகவே உள்ளது.

பொருந்தாத பகுதி

அந்த ஏரி மீன்கள் இருட்டில் பார்க்க முயன்று முயன்று தலைமுறைதோறும் பெரிய கண்களைப் பெற்றன என்கிறார் ஆசிரியர். அதே அத்தியாயத்தில் கோல்லம் குருட்டு மீன்களைப் பிடிக்கிறது என்றும் எழுதுகிறார். இரண்டாவது கூற்றே இயற்கைக்கு நெருக்கமானது.

கேரளத்தின் கோட்டயத்தில் கிணற்றில் கிடைத்து, 1950-இல் மேனன் விவரித்த ஹோராக்ளானிஸ் கிருஷ்ணாய் இதற்குச் சான்று. விரல் நீளம்கூட இல்லாத இக்கெளுத்திக்குக் கண்ணே கிடையாது. நிறமி இல்லாததால் இரத்தம் தெரிந்து உடல் சிவப்பாகத் தோன்றும். இருளில் கண் பயன்படாது. அதைப் பேண ஆற்றல் மட்டும் செலவாகும். அதனால் கண் குன்றிப் பிறந்தவையும் குறையின்றிப் பிழைத்துப் பெருகின. பல தலைமுறைகளில் கண்ணே மறைந்தது.

கதாபாத்திரத்தின் பெயரைப் பெற்ற மீனும் உண்டு. 2018 வெள்ளத்துக்குப் பின் மலப்புரம் மாவட்ட வயலொன்றில் கிடைத்த நிலத்தடி மீனுக்கு 2019-இல் எனிக்மாசன்னா கோல்லம் எனப் பெயரிட்டனர். இதற்குக் கண்ணும் செம்பழுப்பு நிறமும் உண்டு. நிலத்தடி உயிர்கள் எல்லாமே குருடல்ல என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மதிப்பீடு

கதையில் இப்பிழை சிறியதுதான். ஆனால் சின்னசேலத்தில் பாடம் நடத்திய காலத்தில், 'தேவைப்பட்டதால் உறுப்பு வளர்ந்தது' என்ற விடையை எத்தனையோ தாள்களில் திருத்தியிருக்கிறேன். லாமார்க்கின் அக்கருத்து கதையில் இனிக்கும். தேர்வில் மதிப்பெண்ணைக் குறைக்கும். அதைவிட, இயற்கையைத் தவறாகப் பார்க்கப் பழக்கும்.

2023-இல் விவரிக்கப்பட்ட மற்றொரு கேரளக் குருட்டுக் கெளுத்திக்கு, தம் கிணற்று நீரைக் கவனித்துத் தகவல் தந்த பொதுமக்களின் நினைவாக ஹோராக்ளானிஸ் பாப்புலி என்று பெயர் வைத்தனர். கதையை ரசிப்போம், கிணற்றையும் எட்டிப் பார்ப்போம்.