விடுபட்ட மூன்று வசனங்கள்: 137ஆம் திருப்பாடலும் கிறித்தவ வழிபாட்டு வாசிப்பும்

137ஆம் திருப்பாடல் ஒன்பது வசனங்களாலானது. கி.மு. 587/586இல் எருசலேம் அழிந்தபின் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோரின் புலம்பலாக அமைந்த அது, பகைவரின் குழந்தைகளைப் பாறையில் மோதுவோரை வாழ்த்தி முடிகிறது.

இம்முடிவைக் கிறித்தவ மரபு இருவகையில் எதிர்கொண்டது. ஓரிகன், அகுஸ்தீன் ஆகியோர் குழந்தைகளை முளைவிடும் தீய எண்ணங்களாகவும் பாறையைக் கிறிஸ்துவாகவும் உருவகப்படுத்தினர். 1971இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையோ, உளவியல் இடர்ப்பாட்டைக் காரணங்காட்டி, 7–9 வசனங்களை நீக்கியது. முன்னதில் கொல்லப்படும் குழந்தை மறைகிறது. பின்னதில் சபிப்பவரின் குரலே மறைகிறது.

நீக்கத்தால் பாடலின் கட்டமைப்பும் சிதைகிறது. நினைத்தல் எனப் பொருள்படும் எபிரேய வினைவேர் 1, 6, 7 ஆகிய வசனங்களில் வருகிறது. முதலிரண்டில் நினைப்போர் மாந்தர். ஏழாவதில் நினைக்குமாறு வேண்டப்படுபவர் கடவுள். ஆறாம் வசனத்தோடு நிறுத்தும் வழிபாடு, புலம்பல் இறைவேண்டலாக மாறும் இடத்தையே இழக்கிறது. தமக்கு இழைக்கப்பட்டதற்கு ஈடாகவே பழி கோரப்படுகிறது என்னும் எட்டாம் வசனக் குறிப்பும் கேட்கப்படாமற்போகிறது.

எனினும், முழுப்பாடலையும் விளக்கமின்றி ஓதுவது வன்முறைக்கு இறையொப்புதல் உண்டெனத் தோன்றச்செய்யும். பாடலில் கடவுள் மறுமொழி கூறவில்லை. பழிவாங்கும் ஆணை எவருக்கும் அளிக்கப்படவுமில்லை. ஆகவே, இவ்வசனங்களை விடாது வாசித்து, அவற்றைக் கட்டளையாகவன்றிப் பாதிக்கப்பட்டோரின் முறையீடாக மறையுரையில் விளக்குவதே பனுவலுக்கு நேர்மையான வழியாகும்.