‘அருளர்’: பெயரும் கேட்டோர் நோக்கும்

யாழ்ப்பாணத்தில் இளமையின் ஒரு பகுதியைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2005இல் வெளியிட்ட முதல் ஹிப்-ஹாப் தொகுப்பு ‘அருளர்’. இசையைப் பாராட்டிய மேலைத் திறனாய்வாளரும் அவர்தம் ஓவியங்களிலிருந்த புலி உருவங்களைக் கண்டு ஐயுற்றனர். பெயருக்குரிய தந்தையோ ஈரோஸ் அமைப்பின் நிறுவனருள் ஒருவர். விடுதலைப் புலிகளைச் சார்ந்தவர் அல்லர். ஈழத்து இலக்கியம் பயின்றோர்க்கு அருளர், 1977 கலவர அகதிகளின் கப்பற் பயணத்தைப் புனைந்த ‘லங்கா ராணி’ நாவலாசிரியரும் ஆவார். புனைபெயரைப் போர்ப்பெயராக மட்டுமே கொண்டமை குறையுடைய வாசிப்பாகும். தமிழிசையைத் தேடுவோரும் இத்தொகுப்பில் ஏமாறுவர். ரோலண்ட் எம்.சி.-505 கருவியில் எழுந்த தாளங்கள் ஜமைக்கா, பிரேசில் நாடுகளின் தெருவிசைக்கே நெருக்கமானவை. குரலோ பாடுவதினும் கூவி விற்பதையே பெரிதும் ஒத்துள்ளது. தொகுப்பின் வலிமையும் அதுவே. தாயின் பெயரில் ‘கலா’ 2007இல் வந்தது.