இடிக்காமல் வளர்த்த வீடு

சான் ஹோசேயில் பழைய ராஞ்ச் வீடு வாங்கினால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இடிச்சுட்டு மாடி வெச்சுக் கட்டிடுங்க." நாங்கள் இடிக்கவில்லை. பின்பக்கம் நீட்டிக் கட்டினோம். எடுத்ததிலேயே நல்ல முடிவு அதுதான் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

ஒரே தளம், தாழ்ந்த சாய்கூரை, தோட்டத்தைப் பார்த்த கண்ணாடிக் கதவு, ஒட்டினாற்போல் கராஜ். இதுதான் ராஞ்ச். 1930களில் சான் டியாகோவில் கிளிஃப் மே இந்தப் பாணி வீடுகளைக் கட்டத் தொடங்கினார். முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த பழைய கலிஃபோர்னியப் பண்ணை வீடுகள்தான் அவருக்கு முன்மாதிரி. உலகப் போருக்குப் பின் புறநகர்கள் பெருகியபோது நாடெங்கும் இதே பாணி பரவியது. 1950களில் கட்டிய எங்கள் வீடும் அந்த வரிசையில் வந்ததுதான்.

கூரையின் உட்புறம் பொரி ஒட்டியதுபோல் சொரசொரப்பாக இருந்தது. சுரண்டுவதற்கு முன் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கல்நார் இருந்ததால் உரிமம் பெற்றவர்களே வந்து அகற்றினார்கள். பிறகு கார்பெட்டைக் கிழித்தால், ஆகா! அடியில் இரண்டேகால் அங்குல அகலத்தில் ஓக் பலகைகள், வீடு முழுக்க! ஆணிகளைப் பிடுங்கி, இழைத்து, பாலிஷ் போட்டதும் தேன் நிறத்தில் மின்னின.

சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருந்தது சுமை தாங்கும் சுவர். இருபுறமும் தற்காலிகச் சட்டங்கள் கொடுத்துக் கூரையைத் தாங்கிக்கொண்டு, அந்தச் சுவரை எடுத்தார்கள். அதன் இடத்தில் ஒரு பெரிய பீம். கூரைக்குள்ளேயே மறைத்துவிட்டதால் கீழே துளியும் துருத்தவில்லை. அதன் பாரம் இரு முனைத் தூண்கள் வழியாக, தரைக்கடியில் புதிதாகப் போட்ட கான்கிரீட் அஸ்திவாரத்தில் இறங்குகிறது. இப்போது அடுப்படியில் நின்றபடியே தோட்டத்து எலுமிச்சை மரத்தைப் பார்க்கலாம்!

நிலநடுக்க பூமி என்பதால் மரச்சட்டத்தை அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டு இறுக்கினோம். வெற்றாகக் கிடந்த சுவர்களுக்குள் கண்ணாடியிழைப் பஞ்சை அடைத்து, ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டோம். ஆகஸ்ட் வெயிலிலும் ஏசி அவ்வப்போதுதான் ஓடுகிறது.

நீட்டிய பகுதியில் ஒரு படுக்கையறையும் குளியலறையும். அடிக்கு மூன்று அங்குலம் ஏறும் பழைய கூரைச் சாய்வையே அங்கும் தொடர்ந்ததால், எது பழசு, எது புதுசு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களால் கண்டுபிடிக்க முடிவதில்லை. வீடு 'ட' வடிவில் மடங்கியதில் நடுவே ஒரு முற்றமும் கிடைத்துவிட்டது. ஊரிலிருந்து வரும் அம்மா முழங்கால் வலியோடு படியேற வேண்டியதில்லை. அறைக் கதவைத் திறந்தால் முற்றம், நாற்காலி, இளவெயில்!

பழைய ராஞ்ச் உங்கள் கையிலும் இருந்தால் இடிக்க ஆள் தேடாதீர்கள். முதலில் நல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டு, எந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று கேளுங்கள். நகராட்சி பெர்மிட்டை முறையாக வாங்குங்கள். அப்புறம் தாராளமாக நீட்டிக் கட்டுங்கள். ராஞ்ச் வீடு அதற்கு வாகாகவே அமைந்திருக்கிறது!