அதற்கு முன்னால் என்ன?

கனவை நினைவில் நிறுத்துவது ஒரு கலை என்றால், அதில் என் மனத்துக்கு மிகப் பிடித்த கலைஞர் பிரெஞ்சுப் பிரபு எர்வே த சேன்-தெனி (1822–1892). பிழைப்புக்கும் புகழுக்கும் அவருக்குச் சீன இலக்கியம் இருந்தது. அதில் பேராசிரியராகவும் ஆனார். ஆனால் 13 வயதிலேயே அவர் கனவுகளை நோட்டில் எழுதவும் வரையவும் தொடங்கிவிட்டார். முதலில் வெற்றுக் காலைகள் நிறைய. போகப்போக இடைவெளி குறைந்து, ஆறு மாதத்தில் அநேகமாகத் தினமும் ஒரு கனவாவது கையில் சிக்கியது. 1,946 இரவுகள், 22 நோட்டுகள். அந்த அனுபவத்தின் பலத்தில் 1867-இல் ஒரு நூல் எழுதினார். அட்டையில் தன் பெயரைப் போடவில்லை.

அவர் முறையில் நான் ரசிப்பது பின்னோக்கிய நடை. கண் விழித்ததும் மனத்தில் ஒட்டியிருக்கும் கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முந்தியதற்கு, பிறகு அதற்கும் முந்தியதற்கு என்று போக வேண்டும். எழுந்து உட்காரக் கூடாது, கண்ணையும் திறக்க வேண்டாம். கடைசியாக நின்றது ஈரமான சிவப்புத் தரை மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘அதற்கு முன்னால்?’ என்று கேட்டுக் காத்திருந்தால் ஒரு வாளி தெரியும். வாளிக்கு முன்னால் சித்தி. அவள் கையில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். இங்கே ‘யார் துடைத்தார்கள், ஏன்?’ என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் விழித்த மூளை உடனே ஒரு கதையை ஜோடித்துத் தந்துவிடும். அது கனவு அல்ல. ஒன்றும் வராவிட்டால் மெதுவாக மறுபக்கம் புரண்டு படுத்துப் பார்க்கலாம். நோட்டில் முதலில் ஏற வேண்டியவை கனவில் யாராவது பேசிய வார்த்தைகள். காட்சிகள் கொஞ்சம் பொறுக்கும், பேச்சு பொறுக்காது.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். பலிப்பது இருக்கட்டும், பிடிக்கச் சுலபமானது அதுதான். தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண் வேகமாக ஓடும் கட்டம் ஒன்று உண்டு. சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-இல் அதைப் பற்றி எழுதினார்கள். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிவரும் இந்தக் கட்டம் விடியல் நெருங்க நெருங்க நீளும். அந்த நேரத்தில் எழுப்பினால், கனவே வராது என்று சாதிப்பவர்களில் பலரும் ஒரு கனவைச் சொல்வார்கள். அலாரம் அடித்ததும் போனைக் கையில் எடுக்கிறோமே, முழுசாய் வந்த கனவு அங்கேதான் பாழாகிறது.

பிரபுவுக்குப் பல நூற்றாண்டு முன்பே, ஜப்பானின் கியோத்தோ அருகே கோசான்-ஜி கோயிலில் வாழ்ந்த பௌத்தத் துறவி மியோயே (1173–1232) ஏறக்குறைய 40 ஆண்டுகள் கனவுக் குறிப்பு எழுதினார். அவசரக் கையெழுத்து, நடுநடுவே கோட்டுப்படம். பிற்காலத்தார் அந்தத் தாள்களைப் பிரித்துச் சுவரில் தொங்கவிடும் சுருள்களாக்கிப் போற்றினார்கள். மெருகேற்றாத எழுத்துக்குக் கிடைத்த மரியாதை அது.

பிரபுவிடம் மறுபடி வருகிறேன், அவருடைய வாசனைச் சோதனையைச் சொல்லாமல் முடியாது. விவாரே மலைப்பகுதியில் தங்கியிருந்த நாட்களில் ஒரே அத்தரைக் கைக்குட்டையில் தடவி முகர்ந்துவந்தார். திரும்பியதும் குப்பியை மூடி வைத்துவிட்டார். மாதங்கள் கழித்து, தனக்குத் தெரியாமல் ஏதோ ஓர் இரவில் தலையணையில் சில சொட்டுகள் விடும்படி வேலைக்காரரிடம் சொல்லிவைத்தார். அந்த இரவு கனவில் விவாரே மலைகள் வந்தன. இன்னொரு அத்தரை ஓர் ஓவியரின் கூடத்தோடு பழக்கப்படுத்திக்கொண்டு, பின்பு இரண்டையும் கலந்து தெளிக்கச் செய்தார். கனவில் விவாரேயில் தான் தங்கியிருந்த வீட்டில், அந்த வீட்டுக் குடும்பத்தாரோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறார், கதவு திறக்கிறது, ஓவியர் உள்ளே வருகிறார், உடன் ஆடையே இல்லாத மாடல் பெண். எந்த வாசனை எதைக் கொண்டுவந்தது என்று பிரித்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், கூச்சப்பட்டு எதையும் விட்டுவிடாமல் அவர் அப்படியே எழுதிவைத்ததுதான்.